தாமரைச்செல்வியின் மூக்கு

உட்காருங்கள் சார். பேங்குக்கு உங்கள் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தாயிற்று, அச்சுப் போடத்தான் கரண்ட் வேண்டும். இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, கோவில்பட்டி முழுக்க இரண்டு மணிக்குத்தான் வரும். இந்த யூபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கும், பிரிண்டரைத் தாங்காது. பேங்குக்கும் இப்போது சாப்பாட்டு நேரம்தானே. மெதுவாகப் போகலாம்.

சுவரில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். என் மகள். தாமரைச்செல்வி. பதினைந்து வயதில் எடுத்தது. கார்த்திகை வந்தால் பதினெட்டு. முதலில் என்ன பார்த்தீர்கள்? கண்ணை. எனக்குத் தெரியும். யாரைக் கேட்டாலும் கண் என்றுதான் சொல்வார்கள். மூக்கைப் பார்த்தேன் என்று இரண்டு வருடத்தில் ஒருவர் சொன்னதில்லை.

இப்போது என் முகத்தைப் பாருங்கள். கூச்சப்படாமல் பாருங்கள். நடுவில் ஒரு மேடு, கீழே வரவர அகலம். எங்கள் அப்பாவுக்கு இதே மூக்கு. அவருடைய அப்பாவுக்கும் இதே மூக்கு. எட்டயபுரம் பக்கம் எங்கள் ஆட்களை மூக்கைப் பார்த்தே இன்னார் வீடு என்று சொல்லிவிடுவார்கள், விலாசம் தேவை இல்லை. என் மகளுக்கும் இதேதான். அந்தப் படத்தில் இல்லை. அது என் கைவேலை.

இந்த மூக்கை அறுக்க வேண்டும் என்றுதான் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பெற்ற அப்பனுடைய மூக்கை. நான் ஐம்பத்து மூன்று வருடமாக இதை வைத்துக்கொண்டு ஊரில் நடமாடவில்லையா? கல்யாணம் செய்யவில்லையா? சொல்லுங்கள்.

டச்சப் என்றால் அழகாக்குவது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். தவறு. டச்சப் என்றால் எடுப்பது. எதையும் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் தெரிந்துவிடும். அளவோடு எடுத்தால் தெரியாது. நெகட்டிவ் காலத்தில் பென்சிலை ஊசி மாதிரி சீவி வைத்துக்கொண்டு செய்தோம், இப்போது மவுஸ். கருவிதான் மாறியிருக்கிறது. முகத்தை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். நெற்றி முடியிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து மோவாய். மூன்றும் சமமாக வந்தால் லட்சணம். யாருக்கும் வராது. வரவைப்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். பழைய புலவர்கள் என்ன செய்தார்கள்? எள்ளுப்பூ மூக்கு, குமிழம்பூ மூக்கு என்று எழுதிவைத்தார்கள். நான் ஒரு தடவை வேலை மெனக்கெட்டு எள்ளுக்காட்டுக்குப் போய் அந்தப் பூவைப் பார்த்தேன் சார். அப்படி ஒரு மூக்கோடு ஒரு பெண் எதிரே வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆக, இந்தத் தொழிலை ஆரம்பித்தது நாங்கள் இல்லை.

தாமரைக்குப் பத்து வயது வரை எனக்கு வேலையே இல்லை. குழந்தைகளுக்கு மூக்கு என்று ஒன்று கிடையாது, ஒரு பொட்டுச் சதை, இரண்டு துவாரம். பதினொன்றில் மேடு எழும்ப ஆரம்பித்தது. பள்ளிக்கூட ஐடி கார்டுப் படத்தை ஸ்கிரீனில் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். அட, எங்கள் அப்பா வந்துவிட்டாரே என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டேன். ஒரு நூல் அளவு. அவளுக்குத் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது. அன்றிலிருந்து எப்போது எடுத்தாலும் அந்த ஒரு நூல். பிறகு இரண்டு நூல். வளர்கிற பிள்ளை அல்லவா.

வீட்டில் நான் அவளை மூக்காயி என்றுதான் கூப்பிடுவேன். செல்லமாகத்தான். மூக்கம்மாள், மூக்காயி எல்லாம் எங்கள் பக்கம் நல்ல பெயர்கள் சார். முந்திப் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளை பிறந்ததும் மூக்கைக் குத்தி அந்தப் பெயரை வைப்பார்கள், எமனை ஏமாற்ற. இதை அவளிடமும் விளக்கியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், அப்படிக் கூப்பிடாதீங்க என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். எப்போதாவது வாய் தவறி வரும். வாய்தானே.

எல்லாவற்றுக்கும் காரணம் சாத்தூர்க்காரி. என் வீட்டம்மாள் ஜெயக்கொடிக்கு அக்கா. தாமரைக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு வைத்தோம். மண்டப வாசலில் பத்தடிக்கு எட்டடி பிளெக்ஸ், படம் நான் எடுத்தது, டிசைன் நான் செய்தது. தெப்பக்குளம் தெருவில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிதாக அடிக்கும்போது சின்னக் குறையும் முழம் அளவு தெரியும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்திருந்தேன். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். இந்த அம்மா வந்தாள், தட்டும் கையுமாக. பிளெக்ஸைப் பார்த்தாள். உள்ளே வந்து, மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஏ ஜெயா, பிளெக்ஸ்ல இருக்கிற பிள்ளையை எங்கட்டி? அவளைக் கூட்டிட்டு வா, மாலை போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தாமரையும் சிரித்தாள், நான் பார்த்தேன். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு பிள்ளையின் மனசில் நஞ்சு விழுவதற்கு ஒரு வாய் போதும் சார். அன்றிலிருந்து சாத்தூர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. நான்கு வருடம் ஆகிறது.

பிறகு மாஸ்க். கொரோனா வந்து எல்லோரும் போட்டோம், போனதும் எல்லோரும் கழற்றினோம். இவள் கழற்றவில்லை. பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடமும் பள்ளிக்கூடத்தில் மாஸ்க்தான். வகுப்பு டீச்சர் ஒரு நாள் கடைக்கு வந்தவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது யாரு அண்ணாச்சி என்று கேட்டார். உங்களிடம் படிக்கிற பிள்ளைதான் என்றேன். அப்படியா, நான் முகத்தைப் பார்த்ததே இல்லை என்றார். தூசி அலர்ஜி என்று அவள் சொல்லியிருந்தாள். நானும் நம்பினேன். இங்கே கரிசல் காற்று, தீப்பெட்டி மருந்து, அலர்ஜி யாருக்கு இல்லை?

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மறுநாள் ஒரு பைலோடு என் முன்னால் நின்றாள். பைல் போட்டு வைத்திருக்கிறாள் சார், ரெக்கார்டு நோட்டு மாதிரி. என்னென்ன வழி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கத்தி இல்லாமல் ஊசியால் நிரப்பி மேட்டை மறைப்பது ஒன்று, அது சில மாதம் நிற்கும். மூக்குக்கு உள்ளேயே கீறி எலும்பைச் சீவுவது இன்னொன்று. வெளியே தோலைத் திறந்து செய்வது மற்றொன்று. மோவாயைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தால் மூக்கு தானாகச் சின்னதாகத் தெரியுமாம், அதுவும் ஒரு வழி. என் மூன்று பங்குக் கணக்கை எவனோ களவாடி ஆஸ்பத்திரி நடத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் ஜெயக்கொடி பயந்துவிட்டாள், பிளாஸ்டிக்கை உள்ளே வைத்துத் தைப்பார்கள் என்று. நான்தான் விளக்கினேன். அது கிரேக்கச் சொல், வடிவம் கொடுப்பது என்று அர்த்தம். அறுந்துபோன மூக்கைக் கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டவைக்கிற வித்தை நம் நாட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே உண்டு. ஆனால் அது இல்லாதவனுக்கு மூக்கு கொடுக்கிற வித்தை. இருக்கிறவள் மூக்கைக் குறைக்கிற வித்தை இல்லை. இப்படிச் சொல்லி, முடியாது என்று பைலை மூடினேன்.

"அப்ப நீங்க எதுக்குப்பா என் மூக்கை எடுத்தீங்க?"

"அது போட்டோம்மா."

"எனக்கு எது நெசம்னு தெரியலப்பா. கண்ணாடியைப் பாத்தாத்தான் எவளோ மாதிரி இருக்கு."

பாருங்கள் சார். போட்டோவுக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எல்லாம் இந்த போன். விரலால் தடவினால் முகம் மாறுகிறது, பூனைக் காது முளைக்கிறது. நாற்பது நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள், மாஸ்க்கைக் கழற்றித்தானே சாப்பிட வேண்டும். ஜெயக்கொடி மகள் பக்கம் சாய்ந்துவிட்டாள். ஒரு டாக்டரிடம் கேட்டுத்தான் பார்ப்போமே என்று நச்சரித்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினாள். பதினெட்டு ஆகவில்லை, அப்பன் கையெழுத்து இல்லாமல் கத்தி பக்கத்தில் வராது. அந்தத் தைரியத்தில் போனேன். டாக்டரே முடியாது என்று சொல்லிவிட்டால் பழி என் மேல் இல்லையே.

லேடி டாக்டர். ஹெப்சி என்று பெயர். நாற்பது வயது இருக்கும். எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு தாமரையிடம் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். அப்படி என்ன பேச்சு? நான் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னே, பின்னே. லைட்டிங் மோசம். முன்னே எடுத்த படத்துக்கு மேலேயிருந்து வெளிச்சம், பின்னே எடுத்ததுக்கு முன்னாலிருந்து. வெளிச்சத்தை மாற்றினாலே பாதி ஆபரேஷன் முடிந்துவிடும். அதை வெளியே வந்த நர்ஸிடமும் சொன்னேன்.

பிறகு கூப்பிட்டார்கள். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். காது விடைத்திருந்தால் ஆறு வயதிலேயே சரிசெய்யலாமாம். மூக்கு அப்படி இல்லை, முகம் வளர்ந்து முடிய வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பதினாறு வாக்கில் முடியும், ஆனால் வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஊசி போட்டு நிரப்புகிற வேலையைப் பதினெட்டுக்கு முன்னால் அவர் செய்வதே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், இது யாருடைய ஆசை என்பது என்றார். நான் உடனே, என் ஆசை இல்லை மேடம், நான் ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பு என்றேன்.

தாமரை தன் போனை நீட்டினாள். இந்த மாதிரி வேணும் என்று காட்டுவதற்கு நடிகை படம் கொண்டுவருவார்களாம். என் மகள் கொண்டுபோனது இதோ, இந்தப் படம். டாக்டர் போனை வாங்கி, படத்தைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்தார்.

"இதை யாரு மாத்துனது?"

"நான்தான் மேடம்" என்றேன். "ஏன், தெரியுதா?"

"இல்ல. தெரியல."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எத்தனையோ படம் பார்க்கிற கண், அதுவே திகைத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, மறைப்பானேன்.

மூன்று நான்கு வருடப் பழைய படங்கள் வேண்டும் என்று கேட்டார். மூக்கு இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க. போட்டோகிராபர் மகள், படத்துக்கா பஞ்சம் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். வந்து ஹார்டு டிஸ்க் முழுக்கத் தேடினேன் சார். பிறந்த நாள், ஆண்டு விழா, சடங்கு, பொங்கல், ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. ஒன்றில்கூட மூக்கு இல்லை. நான் திருத்தினால் அதன் மேலேயே சேமித்துவிடுவேன், ஒரிஜினலை வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. குப்பையை யார் சேர்த்துவைப்பார்கள்? கடைசியில் அகப்பட்டது ஆதார் அட்டை ஒன்றுதான். பதினைந்து வயதில் கைரேகை புதுப்பிக்கப் போனபோது அங்கே உட்கார்ந்திருந்தவர் எடுத்தது. உங்கள் ஆதாரில் நீங்கள் எப்படி இருப்பீர்கள்? அதேதான். தேடப்படும் குற்றவாளி மாதிரி ஒரு படம். ஆனால் மூக்கு இருந்தது.

அதை அனுப்பிவைத்தேன். ஆதாரை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது என்று டாக்டர் போனில் சிரித்தார். அங்கேயே எடுத்துக்கொள்கிறோம் என்றார். நான் விடுவேனா? ஸ்டூடியோ வைத்திருக்கிறவன் மகளை ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் எடுப்பதா? நானே எடுத்து அனுப்புகிறேன் என்றேன். நேர் பார்வை ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கீழேயிருந்து ஒன்று. எதையும் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கே தொழில் சொல்லிக் கொடுக்கிறார்.

இதோ இந்த ஸ்டூலில்தான் தாமரை உட்கார்ந்தாள். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நேர் பார்வை எடுத்தேன். பக்கவாட்டில் திரும்பு என்றேன். திரும்பினாள். கேமராவில் கண்ணை வைத்தவன் கொஞ்சம் நின்றுவிட்டேன். பக்கவாட்டில் அவளை நான் எடுத்ததே இல்லை சார், பதினேழு வருடத்தில். மூக்கு எடுப்பாக இருக்கிறவர்களை முக்கால் பங்குதான் திருப்புவோம், அது தொழில் பாலபாடம். முழுப் பக்கவாட்டில் பார்த்தால் எங்கள் அப்பா பாவாடை தாவணி கட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்பா முகம் ராஜா மாதிரி இருக்கும், அது வேறு. இது பெண் பிள்ளை.

எடுத்தாயிற்றா என்று கேட்டாள். எடுத்தாயிற்று என்றேன்.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. படத்தைத் திறந்தேன். தொடக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது. தூசியை மட்டும் எடுத்தேன், தூசி முகம் இல்லையே. எண்ணெய்ப் பளபளப்பை அடக்கினேன், அது வெளிச்சத்தின் கோளாறு. பிறகு மேட்டில் ஒரு நூல். ஒரே ஒரு நூல் சார். டாக்டரானாலும் அவரும் ஒரு பொம்பளை, நாலு பேரிடம் காட்டுவார், என்ன பிள்ளை இது என்று நினைக்கக் கூடாது அல்லவா? முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. பக்கவாட்டுப் படத்தில் ஒரு நூல் எடுத்தால் நேர் பார்வையோடு பொருந்தாது, அதனால் அதிலும். மொத்தத்தில் நாலு படமும் பொருத்தமாக வந்தன. அனுப்பிவிட்டேன்.

ஆனி மாதம் மறுபடி போனோம். டாக்டர் பெரிய ஸ்கிரீனில் என் நாலு படத்தையும் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். தாமரையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, அளவுகோல் மாதிரி ஒன்றை வைத்து அளந்தார். ஸ்கிரீனுக்குப் போனார். திரும்பி வந்து அளந்தார். மறுபடி ஸ்கிரீன். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இந்தப் படத்துல இருக்கிற மூக்குக்கு ஆபரேஷனே தேவையில்ல. இது யாரோட மூக்கு?"

நான் வெளிச்சம், லென்ஸ், கோணம் என்று ஏதோ சொன்னேன். தாமரை எழுந்து ஸ்கிரீன் பக்கத்தில் வந்து நின்றாள். நாலு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"டாக்டர்கிட்டயுமாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் எதையும் மறைக்கவில்லையே. அவளுக்காகத்தானே செய்தேன்.

டாக்டர் வெளியே நின்ற சிஸ்டரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் தன் போனை எடுத்தாள். ஒரு வெறும் சுவர், மேலே டியூப்லைட். மூக்கின் நிழல் உதட்டில் விழும், கண்ணுக்குக் கீழே குழி விழும், இதைவிட மோசமான வெளிச்சம் உலகத்தில் கிடையாது. நான் சொல்ல வாயெடுத்தேன், டாக்டர் கையமர்த்தினார். தாமரை போய் நின்றாள். என் முன்னால் உட்கார்ந்தால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மோவாயை நிமிர்த்து நிமிர்த்து என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். அங்கே யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நின்றாள். நேராக, இடது, வலது. சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள், இவளும் சிரித்தாள். பிறகு போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம். எனக்கு அனுப்புங்கக்கா என்றாள்.

டாக்டர் முடிவாகச் சொன்னது இதுதான். இப்போது ஒன்றும் வேண்டாம். இந்தப் படத்தோடு ஒரு வருடம் இரு. பதினெட்டு ஆன பிறகும் வேண்டும் என்று தோன்றினால் நீயே தனியாக வா, பேசுவோம், நானே செய்கிறேன். என்னிடம், நீங்க ஒரு கவுன்சிலரைப் பாத்தா நல்லது சார் என்றார். நான்! மூக்கை அறுக்க வந்தவளை விட்டுவிட்டு, வேண்டாம் என்று சொன்னவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். பஸ்ஸில் வரும்போது தாமரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் வீடு அமைதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். மாஸ்க் போடுவதில்லை, அலர்ஜி சரியாகிவிட்டது போலிருக்கிறது. காலேஜில் சேரச் சட்டை எடுக்க அம்மாவோடு மார்க்கெட் ரோடு முழுக்க நடந்திருக்கிறாள். பைலை நான் பார்க்கவில்லை. எங்கே போட்டாளோ.

இங்கேதான் வந்தது வினை. ஒரு நாள் அவளுக்கு வாட்ஸப்பில் ஏதோ அனுப்பப் போனேன். டிபியில் அந்தப் படம். அந்தச் சிஸ்டர் எடுத்ததை வைத்திருக்கிறாள். டியூப்லைட், நிழல், பரு, மேடு, எல்லாம் அப்படியே. பக்கவாட்டில் வேறு. இத்தனை வருடம் நான் கட்டிக் காத்ததை ஊரே பார்க்கிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறாள். யார் யாரிடம் அந்த நம்பர் இருக்கிறது? சொந்தக்காரர்கள் எல்லோரிடமும். நாளைக்கு இவளைப் பெண் கேட்டு வருகிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? இந்த ஸ்டூடியோவையா? மறுநாளே சாத்தூர்க்காரி போன் செய்தாள், நான்கு வருடத்துக்குப் பிறகு. ஜெயக்கொடிதான் பேசினாள், ஸ்பீக்கரில். "இப்பத்தான் ஜெயா எம்பிள்ளை எம்பிள்ளையா இருக்கா, லட்சணமா" என்றாள். குத்தல் எப்படி இருக்கிறது பாருங்கள். தேன் தடவிக் குத்துகிறாள். ஜெயக்கொடிக்குப் புரியவில்லை, சிரித்தாள். எனக்குப் புரிந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். பிடிவாதம் பிடித்தது போதும், பிள்ளை ஆசைப்பட்டது, அப்பன் குறுக்கே நின்றான் என்ற பேச்சு வேண்டாம் என்று தோன்றியது. அந்த டாக்டரிடம் போனால் மறுபடி ஒரு வருடம், கவுன்சிலர் என்பார். மதுரையிலேயே இன்னொரு இடம் இருக்கிறது. போனில் வயதைக் கேட்டார்கள், அப்பா கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார்கள், வேறு கேள்வி இல்லை. சம்மதப் பாரத்தை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். நாலு பக்கம். எல்லாப் பக்கத்திலும் போட்டேன் சார், தெளிவாக, முழுக் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாரத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய் என் கையெழுத்தைப் பார்த்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களேப்பா."

"உனக்காகத்தாம்மா."

"டாக்டர் ஹெப்சி இருந்து பாக்கச் சொன்னாங்க. நான் இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இருந்து பாத்தா மட்டும் அது குறையவா போகுது?" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

தாமரை அழுதாள் சார். சத்தம் இல்லாமல். இத்தனை சண்டையில், ஆஸ்பத்திரியில், எங்கேயும் அழாதவள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டால் சில பேருக்கு அப்படித்தான் வரும். கொஞ்ச நேரம் கழித்து, சரிப்பா, எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க என்றாள்.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். காலையில் ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெயக்கொடி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வேண்டாம் என்றாலும் கோபம், சரி என்றாலும் கோபம். இந்த வீட்டில் ஒருவன் என்னதான் செய்ய?

டிபியையும் எடுத்துவிட்டாள். இங்கே பாருங்கள். இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. படம் வைக்காதவர்களுக்கு வருமே, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் கண் மூக்கு வாய் ஒன்றும் இல்லாமல் ஒரு தலையும் தோளும், அதுதான் இருக்கிறது. நல்லதுதான். கட்டைப் பிரித்து வீக்கம் வற்றியதும் நானே ஒரு படம் எடுத்துத் தருகிறேன், இந்தத் தடவை எதையும் தொட மாட்டேன், தொடுவதற்கு ஒன்றும் இருக்காது என்று அவளுக்கு எழுதி அனுப்பினேன். முந்தாநாள் அனுப்பியது. பார்த்துவிட்டாள், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.